புள்ளியியல் கேள்வி பதில்: 1.96-க்கும் 2.03-க்கும் நடுவே

கேள்வி: ஐயா, ஒரு வகை மின்விளக்கின் சராசரி ஆயுள் 1000 மணி நேரம் என்று அதைத் தயாரிப்பவர் கூறுகிறார். 36 விளக்குகளை எரியவிட்டுச் சோதித்ததில் சராசரி 985 மணி என்றும் திட்ட விலக்கம் (தனித்தனி ஆயுள்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 45 மணி என்றும் கிடைத்தன. அவருடைய கூற்றை 5 விழுக்காடு முக்கியத்துவ நிலையில் (உண்மையான கூற்றைத் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டாதபடி) சோதிக்க வேண்டும் என்பது கணக்கு. நான் இசட் அட்டவணையைப் பார்த்து, கூற்றை நிராகரிக்கலாம் என்று எழுதினேன். என் தோழியோ டி அட்டவணையைப் பார்த்து, நிராகரிக்க முடியாது என்று எழுதியிருக்கிறாள். எங்களில் யார் செய்தது சரி? (இளங்கலை மாணவி)

பதில்: கூட்டல் கழித்தலில் இருவருமே தவறவில்லை. திட்ட விலக்கமான 45-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி மாறக்கூடிய அளவு, 7.5 மணி என்று கிடைக்கும். கூறப்பட்ட சராசரிக்கும் கிடைத்த சராசரிக்கும் உள்ள வேறுபாடு 15 மணி. எனவே −15-ஐ 7.5-ஆல் வகுத்துக் கிடைக்கும் சோதனை மதிப்பு −2. இதுவரை நீங்கள் இருவரும் ஒரே பாதையில்தான் வந்திருப்பீர்கள். குறியை விட்டுவிட்டுப் பார்க்கையில் இந்த எண் அட்டவணை மதிப்பைத் தாண்டினால்தான் கூற்றை நிராகரிக்கலாம். கூடுதல், குறைவு இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனைக்கு இசட் அட்டவணை மதிப்பு 1.96, டி அட்டவணையில், மாதிரியின் அளவில் 1 குறைத்து, 35-க்கு உரிய வரிசையைப் பார்த்தால் 2.03. உங்கள் கணக்கின் 2 என்ற எண், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சின்னஞ்சிறு இடுக்கில் போய் விழுந்துவிட்டது.

ஆகவே கேட்க வேண்டியது, 45 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதுதான். அந்த வகை விளக்குகள் அனைத்துக்கும் உரிய திட்ட விலக்கம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இசட் பொருந்தும். இங்கோ, சோதித்துப் பார்த்த அதே 36 விளக்குகளிலிருந்துதான் அதுவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. சராசரி எப்படி ஒரு மதிப்பீடோ அப்படியே திட்ட விலக்கமும் ஒரு மதிப்பீடு என்பதால், அதனால் கூடும் ஐயப்பாட்டுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். டி பரவல் செய்வது அதைத்தான். கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் காஸெட், சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்ததால் இதை ஆராய்ந்து, 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். எனவே உங்கள் தோழியின் விடையே முறையானது.

'மாதிரி 30-க்கு மேல் இருந்தால் இசட் போதும்' என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது தோராய விதி. பெரும்பாலான கணக்குகளில் கெடுதல் செய்யாது. வர்க்கமூலமும் வகுத்தலும் இவ்வளவு நேர்த்தியாக அமைந்திருப்பதைப் பார்த்தால், இக்கணக்கை எழுதியவரும் அந்த விதியை மனத்தில் வைத்தே எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்வில் எந்த அட்டவணையைக் கையாண்டாலும், ஏன் அதைக் கையாண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பி மதிப்பு என்பது, கூற்று உண்மையாக இருந்தால் இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகிய தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு. உங்கள் முறையில் அது ஏறத்தாழ 0.046, தோழியின் முறையில் 0.053. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது இத்தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் எல்லை, உங்களுக்கு 970.3 முதல் 999.7 வரை, அவருக்கு 969.8 முதல் 1000.2 வரை. ஒன்றில் 1000 மயிரிழையில் வெளியே நிற்கிறது, மற்றதில் மயிரிழையில் உள்ளே நிற்கிறது. தரவு சொல்லும் செய்தி இரண்டிலும் ஒன்றேதான்: சராசரி ஆயுள் 1000 மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும், எவ்வளவு குறைவு என்பதை 36 விளக்குகளைக் கொண்டு துல்லியமாகச் சொல்ல இயலவில்லை. முடிவுரையில் 'நிராகரிக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இடைவெளியையும் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. வினாவில் 'ஆயுள் 1000 மணிக்குக் குறைவா?' என்று கேட்டிருந்தால் அது ஒருபக்கச் சோதனை. அப்போது டி அட்டவணை மதிப்பு 1.69 ஆகிவிடும், இருவரும் நிராகரித்திருப்பீர்கள். ஆனால் 985 என்ற விடையைப் பார்த்துவிட்டு, குறைவாகத்தானே வந்திருக்கிறது என்று ஒருபக்கச் சோதனைக்குத் தாவக் கூடாது. எந்தப் பக்கம் என்பதை வினாவின் சொற்களே முடிவு செய்ய வேண்டும், தரவு அல்ல.

கேள்வி: 'உண்மையான சராசரி இந்த இடைவெளிக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 95 விழுக்காடு' என்று எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. வேறு எப்படித்தான் எழுதுவது? (முதலாமாண்டு மாணவர்)

பதில்: மதிப்பெண் குறைத்தது கண்டிப்பு என்றாலும் நியாயமே. நம்பிக்கை இடைவெளி என்ற கருத்தை 1937-இல் முறைப்படுத்திய யெர்சி நெய்மனின் நோக்கில், உண்மையான சராசரி என்பது நமக்குத் தெரியாத, ஆனால் நிலையான ஓர் எண். அது அசைவதில்லை. மாதிரிக்கு மாதிரி அசைவது இடைவெளிதான். ஒரு குறிப்பிட்ட இடைவெளியைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்த எண் அதற்குள் இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. 95 விழுக்காடு என்பது நாம் கையாண்ட முறையின் தரம்: இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இடைவெளிகளைக் கணக்கிட்டுக்கொண்டே போனால், நெடுங்காலப் போக்கில் அவற்றில் 95 விழுக்காடு உண்மையான சராசரியை உள்ளடக்கும். 'இம்முறையில் 95 விழுக்காடு நம்பிக்கையுடன், சராசரி இவ்வெல்லைகளுக்குள் அமைகிறது' என்று எழுதினால் போதும்.

இதையும் எந்திரத்தனமாகப் புரிந்துகொள்ள வேண்டாம். 20 தனித்தனி மாதிரிகளிலிருந்து 20 இடைவெளிகள் கணக்கிட்டால் அவற்றுள் சரியாக ஒன்றுதான் தவறும் என்று பலர் நினைக்கிறார்கள். 0.95-ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.36 வரும். அதாவது, ஒன்றுகூடத் தவறாமல் இருப்பதற்கான வாய்ப்பே 36 விழுக்காடு. சரியாக ஒன்று மட்டும் தவறுவதற்கான வாய்ப்பு 38 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மீதி நேரங்களில் இரண்டோ அதற்கு மேலோ தவறும்.

கேள்வி: பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் இன்மைக் கருதுகோளை (சோதனைக்கு எடுத்துக்கொண்ட தொடக்கக் கூற்றை) 'ஏற்கிறோம்' என்று எழுதக் கூடாது, 'நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்றே எழுத வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். இது வெறும் சொல் விளையாட்டு இல்லையா? (கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுகிறீர்கள். 7 முறை தலை விழுகிறது. நாணயம் நடுநிலையானது என்பது இன்மைக் கருதுகோள். 7 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் விழும் வழிகள் 120, 45, 10, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 176. மறுபக்கத்துக்கும் (3 அல்லது அதற்குக் குறைந்த தலைகள்) அதே அளவு சேர்த்தால் 352. மொத்த வழிகளான 1024-ஆல் வகுத்தால் பி மதிப்பு 0.34. நிராகரிக்க இடமே இல்லை.

இப்போது நாணயம் நடுநிலையானது என்று 'ஏற்றுக்கொள்வோம்' என்றால், ஒரு சிக்கல் வருகிறது. தலை விழும் நிகழ்தகவு 0.6 என்று வைத்துச் சோதித்தாலும் இதே தரவு அதை நிராகரிக்காது. 0.7 என்றாலும் நிராகரிக்காது, 0.8 என்றாலும் அப்படியே. ஒன்றுக்கொன்று முரணான இத்தனை கூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஏற்க முடியுமா? இத்தரவுக்கான துல்லிய முறை நம்பிக்கை இடைவெளி 0.35 முதல் 0.93 வரை நீள்கிறது. பத்துச் சுண்டல்கள் நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் அதன் பொருள். அதே 70 விழுக்காடு 100 சுண்டல்களில் கிடைத்திருந்தால் இசட் மதிப்பு 4. பிறகு விவாதத்துக்கு வேலை இல்லை.

இதே இடத்தில் இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. பி மதிப்பு 0.34 என்பதை, 'நாணயம் நடுநிலையாக இருப்பதற்கான வாய்ப்பு 34 விழுக்காடு' என்று படித்துவிடுகிறார்கள். நாணயம் நடுநிலையானது என்று வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணையே கணக்கிட்டோம். அப்படி வைத்துக்கொண்டதன் வாய்ப்பை அதே எண் திருப்பிச் சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு குழுக்களின் நம்பிக்கை இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: கூடாது. முதல் குழுவின் சராசரி 50, இரண்டாவதன் சராசரி 56, இரண்டின் திட்டப் பிழையும் 2 என்று கொள்வோம். இடைவெளிகள் 46.1 முதல் 53.9 வரை, 52.1 முதல் 59.9 வரை; ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஆனால் வேறுபாட்டின் திட்டப் பிழை 2-உம் 2-உம் சேர்ந்த 4 அல்ல. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது 2.83. வேறுபாடான 6-ஐ அதனால் வகுத்தால் 2.12. வேறுபாட்டுக்கான இடைவெளி 0.5 முதல் 11.5 வரை, அதில் பூச்சியம் இல்லை. படியாமல் விலகி நின்றால் வேறுபாடு உண்டு என்று சொல்லிவிடலாம். படிந்தால், வேறுபாட்டுக்கே தனியாக இடைவெளி கணக்கிட்டுத்தான் பேச வேண்டும். குழுக்கள் ஒன்றையொன்று சாராதவை என்பது இங்கே நிபந்தனை. அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்திருந்தால் ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் எடுத்து, அதை ஒரே மாதிரியாகக் கொண்டு சோதிக்க வேண்டும்.

கேள்வி: மாதிரியை இரு மடங்காக்கியும் இடைவெளி பாதியாகக் குறையவில்லையே, ஏன்? (வாசகர்)

பதில்: வர்க்கமூலம்தான் காரணம். இரு மடங்காக்கினால் அகலம் சுமார் 71 விழுக்காட்டுக்குத்தான் இறங்கும். பாதியாக்க நான்கு மடங்கு வேண்டும். முதல் கேள்வியின் 36 விளக்குகள் 144 ஆனால்தான் திட்டப் பிழை 7.5-இலிருந்து 3.75 ஆகும். விகிதத்தை மதிப்பிடும் கருத்துக் கணிப்புகளிலும் இதே கதைதான்: 3 விழுக்காடு கூடக்குறைய என்ற துல்லியத்துக்கு 1068 பேர் போதும், அதையே 1 விழுக்காடாக்க 9604 பேர் தேவை.