ஓடாவி (தச்சர்) பதில்கள்: அம்மம்மாவின் வேம்பில் ஒரு ரீப்போ

ஐயா, எங்கள் கிணற்றடியில் நின்ற வேம்பு மார்கழிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அம்மம்மா நட்ட மரம். விறகுக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. செயின் சோ வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அடிமரத்தை வளவிலேயே ஐந்து பலகைகளாக அரிந்து வைத்திருக்கிறோம். ஆறடி நீளம், இரண்டேகால் அங்குலத் தடிப்பு. விறாந்தைக்கு ஒரு ரீப்போ, அதுதான் கதிரைக்கு முன்னால் வைக்கும் தாழ்ந்த மேசை, செய்ய ஆசை. சித்திரை வருடப்பிறப்புக்குள் முடியுமா?
வாசகி, களுவாஞ்சிகுடி

மகள், முதலில் உங்களுக்கு நன்றி. எங்கள் பக்கத்தில் வளவு மரம் விழுந்தால் மறுநாளே பேக்கரிப் போறணைக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிறது. ஐம்பது வருட வேம்பு இரண்டு நாளில் சாம்பலாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இந்தச் சித்திரைக்கு முடியாது. அடுத்த சித்திரைக்கு, பலகை காய்ந்திருந்தால், முடியும்.

பச்சை மரத்துக்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அது போகப் போகப் பலகை சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் சுருங்கும், அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து தோலை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை வெடிப்பதும் கோணுவதும் இந்த வித்தியாசத்தால்தான். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று பழைய ஓடாவிமார் கணக்குச் சொல்வார்கள். எங்கள் கச்சான், ஆனியில் தொடங்கும் வறண்ட காற்று, அதைக் கொஞ்சம் விரைவாக்கித் தரும், ஆனால் இரண்டு மாதமாக்கித் தராது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பலகைகளின் இரண்டு தலைப்பிலும், அதாவது அரிந்த முனைகளில், பழைய பெயின்ற் எது கிடந்தாலும் தடிப்பாகப் பூசுங்கள். தண்ணீர் தலைப்பு வழியாகத்தான் வேகமாக ஓடும். தலைப்பு முந்திக் காய்ந்தால் வெடிப்பு அங்கேயே தொடங்கி உள்ளே வரும். அப்புறம், காற்று வரும் வெயில் படாத பக்கத்தில் புளோக் கல் வைத்து நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஓரங்குலச் சட்டங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் சட்டம் கீழ்ச் சட்டத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விலகினால் பலகை அந்த இடத்தில் வளைந்தபடியே காயும். எல்லாவற்றுக்கும் மேலே பாரம், அதற்கும் மேலே தகரம். சுற்றிவரப் பொலித்தீனால் மூடிவிடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கையால் தட்டிப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் தராசைத்தான் நம்புவேன். மீதித் துண்டில் ஓரடி வெட்டி, தலைப்புக்குப் பெயின்ற் பூசி, அந்த அடுக்குக்குள்ளேயே வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்து நிறுத்து, பென்சிலால் அந்தத் துண்டிலேயே எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும்.

இது என் அப்பாவின் பழக்கம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது நான் சிறுவன். விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம். அடுத்து வந்த மாதங்களில் அப்பாவும் சித்தப்பாவும் விழுந்த மரங்களை இழுவாளால் அரிந்தார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நின்றவரின் கண் இமையெல்லாம் மரத்தூளாக இருக்கும். அந்தப் பலகைகளின் ஓரத்தில் அப்பா எழுதிய இறாத்தல் கணக்கு ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கும்: பதினாலு, பதின்மூன்றரை, பன்னிரண்டேகால். கடைசி மூன்று வரியும் ஒரே எண். அந்த மூன்று வரி வரும்வரைக்கும் அவர் சீவுளியைத் தொட மாட்டார். "அவசரப்படாத மனே, அது இன்னும் மூச்சு விடுது" என்பார்.

பத்தொன்பது வயதில் அந்தப் பேச்சை மீறினேன். கலியாண வீடு ஒன்றுக்கு ஈரம் காயாத பூவரசம் பலகையில் மேசை செய்து, மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியால் இறுக்கிக் கொடுத்தேன். ஆனி மாதம் கச்சான் தொடங்கி ஒரு கிழமை. இரவு படாரென்று ஒரு சத்தம் கேட்டதாம், வீட்டார் தேங்காய் விழுந்தது என்று நினைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் மேசை நடுவால் பிளந்து, விரல் நுழையும் இடைவெளி. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கலியாணப் பிள்ளையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் ஐந்து பலகைக்கு வருவோம். தலைப்பைப் பாருங்கள். நடுப்பலகையில் வளையங்களின் மையப் புள்ளி தெரியும். அந்தப் பலகை எப்படிக் காய்ந்தாலும் மையத்தால் வெடிக்கும், மேற்பலகைக்கு எடுக்காதீர்கள். ஆனால் வீசவும் வேண்டாம். காய்ந்த பின் மையத்தை நீளவாக்கில் அரிந்து எடுத்துவிட்டால் இரு பக்கமும் மிஞ்சும் துண்டுகளில் வளையங்கள் நிமிர்ந்து நிற்கும். கோணாத பகுதி அதுதான். கால்களும் சட்டமும் அதில் எடுங்கள். மேற்பலகைக்கு அதன் அடுத்த பலகை. காயும்போது அதன் தோல் பக்கம் சற்றுக் குழியும்; பயப்படாதீர்கள், இரண்டேகாலில் அரிந்தது அதற்குத்தான். சீவி எடுத்தாலும் ஒன்றரை அங்குலம் நிற்கும்.

புரட்டாசியில் மாரி மழைக்கு முன்பே பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதே சட்டம் வைத்து அடுக்குங்கள். மாரி முழுக்க வெளியில் கிடந்தால் போன ஈரம் திரும்பி வரும்.

வேம்பின் நார் ஒரே பக்கம் ஓடாது. பின்னிப் பின்னி ஓடும். நீளவாக்கில் சீவினால் பிய்ந்து வரும். முதலில் குறுக்காகவும் சாய்வாகவும் சீவி மட்டமாக்குங்கள். இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு அந்தத்திலும் நிறுத்திவைத்துக் குனிந்து பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். தூள் கசக்கும், தொண்டையைப் பிடிக்கும். முகக்கவசம் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். உயரம் உங்கள் விறாந்தைக் கதிரையின் இருக்கை உயரமே போதும், பதினாறு பதினேழு அங்குலம்.

காலின் தலையில் நாக்கு எடுத்துச் சட்டத்தில் துளை தோண்டிப் பசை வைத்து இறுக்கலாம். மேற்பலகையை மட்டும் சட்டத்தோடு ஒட்டவே கூடாது. இரண்டடி அகலப் பலகை கச்சானுக்கும் மாரிக்கும் இடையில் கால் அங்குலம் வரை கூடிக் குறையும். சட்டத்தில் நீளமான துளை போட்டு, வாசர் வைத்த திருகாணியால் கீழிருந்து பிடியுங்கள். துளையின் நீளம் பலகையின் அகலவாக்கில் இருக்கட்டும். என் பூவரச மேசைக்கு அது ஒன்று இருந்திருந்தால் பிளந்திருக்காது.

காய்ந்த பலாப் பலகையின் தலைப்பில் ஒன்பது அங்குலத்துக்கு வெடிப்பு. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன், ஒரே வருடத்தில் கழன்றுவிட்டது. என்ன செய்யலாம்?
வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, மழைக்கு வெடிப்பு ஒடுங்கும், கச்சானுக்கு விரியும். அடைத்தது கல்லைப் போல நிற்கும், மரம் நிற்காது. வெடிப்பை வெடிப்பாகவே விட்டு, அது மேலும் ஓடாமல் தடுங்கள். முதிரை மரத் துண்டில் வண்ணத்துப்பூச்சி வடிவில், நடு ஒடுங்கி இரு சிறகும் விரிந்தபடி ஓர் ஆப்பு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்காகப் பலகையின் பாதித் தடிப்புக்கு இறக்குங்கள். ஆப்பின் நார் வெடிப்பைக் குறுக்கறுத்து ஓட வேண்டும். மாறிப் போட்டால் ஆப்பே ஒடியும். முதலில் ஆப்பை வெட்டி, அதைப் பலகையில் வைத்துக் கூரான கத்தியால் சுற்றிவரக் கீறி, அந்தக் கீறலுக்குள் உளியை இறக்குங்கள். ஒன்பது அங்குலத்துக்கு இரண்டு போதும். ஒன்று வெடிப்பு முடியும் இடத்துக்குக் கிட்ட இருக்கட்டும்.

மற்றவர்களுக்கும் ஒன்று: சொந்த வளவில் நின்றாலும் பலா வெட்ட அனுமதி வேண்டும். கோடரி எடுக்கமுதல் பிரதேச செயலகத்துக்குப் போய் வாருங்கள்.

வேம்புப் பலகையின் ஓரத்தை அரியாமல் மரத்தின் வளைவோடு விடப்போகிறேன். தோலையும் விடலாமா? மேலே என்ன பூசுவது?
வாசகி, ஆரையம்பதி

வளைவை விடுங்கள், தோலை விடாதீர்கள். தோலுக்கு அடியில்தான் பூச்சி முட்டையிடும், இரண்டு வருடத்தில் அதுவாகவும் கழன்று விழும். மொட்டை உளியால் நெம்பி எடுத்து, தும்பால் தேய்த்தால் உள்ளே வழுவழுப்பான ஓரம் வரும்.

சாண்ட் பேப்பர் பிடித்தபின் லின்சீட் எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தரம். கீழ்ப்பக்கத்துக்கும் அதே அளவு பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். எண்ணெய் துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வேலியில் விரித்துக் காயவிடுங்கள்.