செக்ரோலில் ஏறாத பொறுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரைப் போடலாம், தம் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் 9 ஆண்டுகளாக விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு துணைவேந்தர் என்னை அழைத்து, டைவர்சிட்டி கமிட்டிக்குத் தலைமை ஏற்கச் சொன்னார். இனம், மதம், உடல் குறை என்று எதைக் காட்டியும் யாரும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மாதம் 500 ரிங்கிட் அலவன்ஸ் தருவதாகவும், ஒரு பாடத்தைக் குறைப்பதாகவும் வாட்சப்பில் எழுதினார். நியமனக் கடிதம் தரவில்லை. அலவன்ஸும் வரவில்லை, பாடமும் குறையவில்லை. ஆனாலும் வேலையை மனமாரச் செய்தேன். மாணவர்களிடம் கருத்துக் கேட்டேன், புகார்களைப் பதிவு செய்தேன். சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவர், லிப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் லேப் இருப்பதால் பாதி வகுப்புகளைத் தவறவிடுகிறார். இந்த ஆண்டு அறிக்கையில், எந்த இனத்தவர் எத்தனை பேர் பதவி உயர்வு பெற்றார்கள் என்று ஓர் அட்டவணை போட்டேன். அதை எடுக்கச் சொன்னார்கள், மறுத்தேன். புகார் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள், அதையும் மறுத்தேன். அப்புறம் எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் பெற்றோர்களிடம் மேற்படிப்பு பற்றிப் பேசினேன். 'பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், விரிவுரையாளர் அறையில் நம்மவர் எத்தனை பேர்?' என்று நான் கேட்ட துண்டு மட்டும் டிக்டாக்கில் பரவியது. இப்போது விளக்கம் கேட்டு ஷோ காஸ் கடிதம் வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுத்தேனாம், இனப் பிரச்சினையைக் கிளப்பினேனாம். மனித வளப் பிரிவில் ஒருவர், 'நல்லபடியாக ராஜினாமா கொடுத்துவிடுங்கள், பதிவில் எதுவும் வராது' என்கிறார். என்னை நீக்க முடியுமா? பட்டியலைக் கொடுத்தே ஆக வேண்டுமா? அந்த மாணவருக்கு என்ன வழி?"

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதை இங்கே முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் வேறு பலரும் இருப்பார்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா சட்டத்தின் கண்ணில் பணிநீக்கம்தான். ஆனால் 'வற்புறுத்தினார்கள்' என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு தொழில் நீதிமன்றத்தில் நின்று அந்த வரியை மறுப்பது எத்தனை கடினம் என்பதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரி மீண்டும் வாய்மொழியாகக் கேட்டால், அன்று மாலையே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'இன்று நீங்கள் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை.' இரண்டு வரி போதும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு வருகிறேன். 'அரசியலமைப்பில் சம உரிமை இருக்கிறதே, அது என்னைக் காப்பாற்றாதா?' என்பதுதான் அது. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. பாலினம் என்ற சொல் 2001-இல் அதில் சேர்ந்தது. 12-ஆவது பிரிவு கல்வியில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் இவை கட்டுப்படுத்துவது அரசையும் அரசு அமைப்புகளையும்தான். கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில், தனியார் ஒப்பந்தத்துக்குள் 8-ஆவது பிரிவு நுழையாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2011-இல் நூர்ஃபடில்லா வழக்கில் கர்ப்பிணி என்பதற்காகத் தற்காலிக ஆசிரியர் வேலையை இழந்த பெண் வென்றார், ஏனென்றால் அவருக்கு எதிரே நின்றது அரசு. உங்கள் பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம். பாகுபாட்டை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் உண்மை, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் கையில் என்ன இருக்கிறது? முதலில் உங்கள் ஒப்பந்தம். அப்பா காலத்துப் பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, உங்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் நின்று, தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போட்டால்தான் அன்றைக்குச் சம்பளம். பெயர் ஏறாத நாளில் எத்தனை மரம் வெட்டினாலும் கணக்கில் வராது. இந்த இரண்டு ஆண்டுகள் நீங்கள் செய்த வேலை அப்படித்தான் நிற்கிறது. நல்ல வேளையாக, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கிராணியைப் போல அவ்வளவு கறாரானது இல்லை. எழுத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும், அவர் முன்வைத்து, நீங்கள் ஏற்று, வேலையும் நடந்திருந்தால் ஒப்பந்தம் உண்டு. வாட்சப் செய்தியும் மின்னஞ்சலும் சான்றாகும். கணினி வழி வரும் ஆவணங்களை நீதிமன்றம் ஏற்க 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழி செய்கிறது. ஆகவே அந்தச் செய்திகளை நீக்காதீர்கள், பழைய கைப்பேசியை விற்காதீர்கள். 24 மாத அலவன்ஸ் 12,000 ரிங்கிட். ஒப்பந்தக் கடனைக் கேட்க 6 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. இப்போதே அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் ஷோ காஸ் பதிலில் ஒரு வரியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். பலர் இது கூலி வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று இன்னும் நினைக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தீபகற்பத்தில் உள்ள ஊழியர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஓவர்டைம் போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் 4,000 ரிங்கிட் வரம்பு உண்டு. அதே நாளில் அமலுக்கு வந்த 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு பற்றிய தகராறை விசாரித்து உத்தரவிடத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். எது பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் ஒப்பீடுதான் உங்கள் ஆயுதம்: ஒரே தகுதி, ஒரே ஆண்டுக் கணக்கு, ஒரே அளவு ஆய்வுக் கட்டுரைகள் இருந்தும் யார் உயர்ந்தார், யார் நின்றார் என்று பெயர் பெயராகக் காட்ட வேண்டும். உங்கள் அட்டவணையில் இனவாரி எண்ணிக்கை மட்டும் இருப்பதாகத் தெரிகிறது. எண்ணிக்கை கேள்வியை எழுப்பும், ஆனால் வழக்கைத் தாங்காது.

ஷோ காஸ் பதிலுக்கு வருவோம். அவகாசம் போதாவிட்டால் இன்றே எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள். பதில் குறைவாகவும் கோபம் இல்லாமலும் இருக்கட்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு பத்தி. மண்டபப் பேச்சின் முழுப் பதிவும் யாரிடமாவது இருக்கும், அதை வாங்கி இணையுங்கள். உங்கள் பக்கம் ஒரு பலவீனம் உண்டு: வெளியில் பேச முன் அனுமதி வேண்டும் என்று ஊழியர் கையேட்டில் பெரும்பாலும் இருக்கும். அனுமதி வாங்கவில்லை என்றால் வாங்கவில்லை என்றே எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் பேசவில்லை, ஊர்க்காரப் பெண்ணாகப் பேசினேன் என்பதுதான் உண்மை என்றால் அதையும் எழுதுங்கள். அனுமதி இல்லாத ஒரு பேச்சுக்கு எச்சரிக்கை கொடுக்கலாம். 9 ஆண்டு களங்கமில்லாத பணியுள்ள ஒருவரை அதற்காக நீக்கினால், அந்தத் தண்டனை பொருத்தமா என்று தொழில் நீதிமன்றம் கட்டாயம் கேட்கும்.

'இனப் பிரச்சினையைக் கிளப்பினீர்கள்' என்பதைப் படித்து நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு தரும் சிறப்புரிமைகளைக் கேள்வி கேட்பதைத் தடுக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடுகள் எப்படிச் செயல்படுத்தப்படுகின்றன என்று குறை காட்ட அதே சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு இடம் விடுகிறது. நீங்கள் யாருடைய உரிமையையும் பறிக்கச் சொல்லவில்லை, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆள்சேர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என் பார்வையில் அது அந்தச் சட்டத்துக்குள் வராது. இருந்தாலும் விஷயம் முடியும் வரை சமூக ஊடகத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் போடாதீர்கள். கருத்துப் பகுதியில் மற்றவர்கள் எழுதும் சொற்களையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

நீக்கியே விட்டால்? தேதியை எழுதி வையுங்கள். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையீடு போய்ச் சேர வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் இந்தக் கணக்கில் சேரும். ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து 61-ஆவது நாளில் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. அன்று அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வென்றால் மீண்டும் வேலை அல்லது அதற்கு ஈடான இழப்பீடு, அதோடு 24 மாதம் வரை பின்சம்பளம் கிடைக்கலாம். அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பொதுவாக இந்த வழி இல்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்க வேண்டும், அதற்கு அவகாசம் 3 மாதம்தான்.

கமிட்டித் தலைமையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டால் நிலைமை வேறு. உங்கள் அடிப்படை ஒப்பந்தம் விரிவுரையாளர் பணிக்கு. சம்பளமும் பதவியும் குறையாமல் ஒரு கூடுதல் பொறுப்பை எடுத்தால், 'என்னை மறைமுகமாக நீக்கிவிட்டார்கள்' என்று சொல்லி வெளியேறுவது ஆபத்து. அந்த வாதம் நிற்க, முதலாளி ஒப்பந்தத்தின் வேரையே வெட்டியிருக்க வேண்டும் என்று 1988-இல் வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனம் வலிக்கும், ஆனாலும் வேலையில் இருங்கள்.

பெயர்ப் பட்டியல் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலம், மனநலம், மத நம்பிக்கை ஆகியவை தனிக் கவனத்தோடு கையாள வேண்டிய நுண்ணிய தரவுகள். வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவற்றைக் கையாளக் கூடாது. (இனம் அந்தப் பட்டியலில் இல்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.) எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அதைத் தாண்டி வெளியிடவும் கூடாது. ஆனால் சட்டப்படி அந்தத் தரவுக்குப் பொறுப்பாளர் பல்கலைக்கழகம், நீங்கள் இல்லை. 'இது என்னுடைய பட்டியல், தர மாட்டேன்' என்று நின்றால் அதையே கீழ்ப்படியாமை என்று இன்னொரு குற்றச்சாட்டாக்குவார்கள். அதனால் இப்படி எழுதுங்கள்: பெயர் நீக்கிய எண்ணிக்கைகளை இணைத்திருக்கிறேன். பெயர்களை வெளியிடாமல் இருப்பதாக மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்தே தகவல் வாங்கினேன். எந்தப் புகாரை விசாரிக்கிறீர்கள், யார் விசாரிக்கிறார் என்று சொன்னால், அந்த மாணவரின் ஒப்புதலைப் பெற்றுத் தருகிறேன். மாணவர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு விரிவுரையாளர்மீது முறையான விசாரணை நடந்தால், குற்றம் என்ன, சொன்னவர் யார் என்று அவருக்கும் தெரிய வேண்டும். கடைசி வரை பெயர் மறைப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். புகார்களில் ஏதாவது பாலியல் தொல்லை பற்றியது என்றால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த தீர்ப்பாயத்துக்கு அந்த மாணவி நேரே போகலாம். அங்கே 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர முடியும்.

நீங்கள் இதே பொறுப்பில் தொடர நேர்ந்தாலும், வேறு இடத்தில் யாராவது இதே பொறுப்பை உங்களுக்குத் தந்தாலும், ஒரு பக்கக் கடிதம் வாங்காமல் தொடங்காதீர்கள். யாரிடம் அறிக்கை தருவீர்கள், புகார் வந்தால் விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு, எந்தப் பாடம் குறைகிறது, பணம் எவ்வளவு, அறிக்கையைத் திருத்தும் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு என்று அதில் இருக்கட்டும். நல்ல மனம் உள்ளவர்களிடம்தான் இந்த வேலையைக் கொடுக்கிறார்கள். காகிதம் கேட்க அவர்கள்தான் கூச்சப்படுகிறார்கள்.

அந்த மாணவருக்கு வருகிறேன். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, அரசு மட்டுமல்லாமல் தனியார் கல்வி நிறுவனங்களும் கட்டட வசதி, கருவி, கற்பிக்கும் முறை ஆகியவற்றில் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, அது பெரிய ஓட்டை. இருந்தாலும் சட்டத்தின் சொல்லைக் காட்டி எழுதிய கடிதத்தை எந்த நிர்வாகமும் எளிதில் குப்பையில் போடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி பற்றிய கட்டட விதிகளின் 34ஏ பிரிவும் இருக்கிறது, அதை ஊராட்சி மன்றத்திடம் கேட்கலாம். சமூக நல இலாகாவுக்கும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் நகல் அனுப்பலாம். கடிதம் மாணவரின் பெயரில், அவருடைய ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எண்ணோடு போகட்டும், உங்கள் வழக்கோடு கலக்க வேண்டாம். லிப்ட் கட்ட இரண்டு ஆண்டு ஆகும் என்பார்கள். லிப்ட் கேட்காதீர்கள். அந்த ஒரு லேப் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள். அடுத்த செமஸ்டருக்கான அட்டவணை போடும் முன்பே அந்தக் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஷோ காஸ் பதிலை எழுதி முடித்த அன்றே அவரை அழைத்து உட்காரவைத்து இதை எழுதிவிடுங்கள்.