மூணு மாசத்துக்கு ஒரு ஊசியா, தினம் ஒரு மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு. புராஸ்டேட் கேன்சர், எலும்புக்கும் பரவிடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹார்மோன் ஊசி போட்டுட்டு இருக்காரு. இப்ப டாக்டர், அதே வேலையை செய்ற மாத்திரை வந்திருக்கு, ரெலுகோலிக்ஸ்னு பேரு, மாறிக்கிறீங்களான்னு கேக்குறாரு. ஊசி அளவுக்கு மாத்திரைல பவர் இருக்குமா டாக்டர்? போதாததுக்கு அப்பா பிரஷர் மாத்திரையையே மறந்துடுற ஆளு.

பதில்: பவர் பத்தி கவலைப்படாதீங்கம்மா. மறதி பத்தி மட்டும் கட்டாயம் கவலைப்படுங்க.

இந்த கேன்சர் வளர்றதுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் வேணும். அதை விரை சுரக்கணும்னா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி ஆர்டர் போடணும். லியூப்ரோலைட் மாதிரி ஊசி அந்த பிட்யூட்டரியை விடாம தூண்டிக்கிட்டே இருக்கும், காலிங் பெல்லை யாரோ கையெடுக்காம அமுக்கிட்டே இருந்தா உள்ள இருக்குறவங்க ஒரு கட்டத்துல கண்டுக்காம விட்டுடுவாங்கல்ல, அப்படித்தான் அது அடங்கும். ஆனா அடங்குறதுக்கு முன்னாடி முதல் ஒண்ணு ரெண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், முதுகெலும்புல கட்டி இருக்குறவங்களுக்கு அது ஆபத்தாக்கூட முடியலாம், அதனாலதான் முதல் ஊசியோட சேர்த்து கொஞ்ச நாளைக்கு பைகாலுடமைட் மாத்திரை குடுக்குறது வழக்கம். ரெலுகோலிக்ஸ் நேரா பெல் வயரையே கட் பண்ணிடுது, அதனால இந்த ஏற்றமே கிடையாது. மாசாமாசம் போடுற டெகாரெலிக்ஸ் ஊசியும் இதே வகைதான்.

2020-ல வந்த ஆய்வுல சுமார் 930 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு 48 வாரம் பாத்தாங்க. சிகிச்சையோட இலக்கே ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் 50-க்கு (ng/dL) கீழ இருக்கணும்ங்கிறதுதான், அப்படி விடாம நின்னது மாத்திரை குழுவுல 96.7 சதவீதம் பேருக்கு, லியூப்ரோலைட் ஊசி குழுவுல 88.8 சதவீதம் பேருக்கு. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பிரச்சனைகளும் மாத்திரை குழுவுல 2.9, ஊசி குழுவுல 6.2 சதவீதம்னு கம்மியாதான் இருந்துச்சு. அப்பாவுக்கு ஏற்கனவே ஹார்ட் பிரச்சனை இருந்தா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, மாத்தலாமான்னு முடிவு பண்ண அது உதவும்.

இப்ப மறதிக்கு வருவோம். ஊசி போட்டா மருந்து உடம்புக்குள்ளயே இருக்கும், அப்பா மறந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். மாத்திரை அப்படி இல்ல. அதே ஆய்வுல ஒரு சின்ன குழுவை, மருந்தை நிறுத்தின பிறகு பாத்தாங்க, மாத்திரை எடுத்தவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு 90 நாள்ல டெஸ்டோஸ்டிரோன் நார்மலுக்கு திரும்பிடுச்சு, ஊசிக்காரங்கள்ல 3 சதவீதம்தான். சிகிச்சை முடிச்சு நிறுத்துறவங்களுக்கு இது வரம், நடுவுல மறக்குறவங்களுக்கு இதுவேதான் வினை.

முதல் நாள் 360 மில்லிகிராம், அதாவது 120 மில்லிகிராம் மாத்திரை மூணு, அப்புறம் தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்ன பின்ன எப்படி வேணா போடலாம், ஆனா ஒரே நேரத்துல. மறந்து 12 மணி நேரத்துக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், அதுக்கு மேல ஆச்சுன்னா விட்டுட்டு மறுநாள் வழக்கம்போல, ரெண்டா சேர்த்து போடக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல விட்டுப்போச்சுன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, திரும்ப மூணு மாத்திரைல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். இன்னொண்ணு, எரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் இந்த மருந்தோட அளவை ரத்தத்துல ஏத்திடும், டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் இறக்கிடும். சளி காய்ச்சல்னு வேற டாக்டர்கிட்ட போனாலும் இந்த மாத்திரை சீட்டை கையில எடுத்துட்டு போங்க.

வீட்டுல தினம் எடுத்து குடுக்க ஆள் இருந்தா மாறலாம். அப்பா தனியா இருக்குறாருன்னா, என்னைக் கேட்டா, ஊசியே இருக்கட்டும்பேன். ஊசியில இருக்குறது ஒண்ணும் பழைய காலத்து வைத்தியம் இல்ல.

கேள்வி: எனக்கு ஊசியோட அபிராடெரோன் மாத்திரையும் ஆரம்பிச்சிருக்காங்க. அதான் மாத்திரை வந்துடுச்சே, ஊசியை விட்டுடலாமா சார்? கூட ஒரு ஸ்டீராய்டு வேற குடுத்திருக்காங்க, அதைப் பாத்தாலே பயமா இருக்கு.

பதில்: விட்டுடாதீங்க. இந்த குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. ரெலுகோலிக்ஸ் ஊசிக்கு பதிலா வர்றது, அபிராடெரோன், என்சாலுடமைட் எல்லாம் ஊசிக்கு மேல கூடுதலா வர்றது. அட்ரினல் சுரப்பியும் கட்டியும் தானா தயாரிக்கிற மிச்ச ஆண் ஹார்மோனையும் அபிராடெரோன் நிறுத்துது. அப்படி நிறுத்தும்போது கார்டிசாலும் குறையுது, அந்த இடத்துல வேற ஹார்மோன் கூடி பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். இதை தடுக்கத்தான் அந்த ஸ்டீராய்டு, சின்ன அளவு பிரெட்னிசோலோன், அதை நீங்களா நிறுத்தவே கூடாது. அபிராடெரோனை வெறும் வயித்துல போடுங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, போட்டப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாம. சாப்பாட்டோட போட்டா மருந்து பல மடங்கு உடம்புல ஏறிடும்.

கேள்வி: ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து என் வீட்டுக்காரர் ராத்திரில திடீர்னு வேர்த்து எழுந்து உக்காந்துக்குறாரு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு, என்கிட்ட ஒட்டுறதும் இல்ல. கேன்சர் மூளைக்கு போயிடுச்சோன்னு பயமா இருக்கு.

பதில்: நீங்க சொல்றதெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் இறங்கினா பொதுவா வர்றதுதாங்க. பெண்களுக்கு மாதவிடாய் நிக்கும்போது உடம்பு குப்புனு சூடாகி வேர்க்கும்ல, அதேதான், ஊசின்னாலும் மாத்திரைன்னாலும் பாதி பேருக்கு வரும். தாம்பத்தியத்துல நாட்டம் போறதும் மருந்தாலதான், உங்க மேல வெறுப்பில்ல, இதை அவர்கிட்டயும் சொல்லுங்க, பாவம் அவரே வெளிய சொல்ல முடியாம தவிச்சுட்டு இருப்பாரு. ஆனா விடாத தலைவலி, குழப்பம், கால் பலவீனம், புதுசா கடுமையான முதுகுவலி, மூத்திரம் அடைக்கிறதுன்னு ஏதாவது இருந்தா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. வெளிய தெரியாம நடக்குற சேதம் எலும்புலதான், வருஷக்கணக்குல எடுத்தா அடர்த்தி குறையும், அதனால எலும்பு அடர்த்தி ஸ்கேன், வைட்டமின் டி, சுகர், கொலஸ்ட்ரால் இதெல்லாம் எப்ப பாக்கணும்னு கேட்டுக்குங்க. தினம் நடக்கச் சொல்லுங்க, டாக்டர் சரின்னா கொஞ்சம் எடை தூக்குற பயிற்சியும், சோர்வுக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: புராஸ்டேட்டுக்கு பாக்குற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் கிட்டத்தட்ட ஜீரோ வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

பதில்: ஜீரோ வந்ததே மாத்திரையாலதான். சிலருக்கு டாக்டரே இடைவெளி விட்டு குடுக்குறது உண்டு, அப்ப பிஎஸ்ஏ எவ்வளவு ஏறினா திரும்ப ஆரம்பிக்கணும்னு முதல்லயே பேசி வச்சுப்பாங்க. நீங்களா நிறுத்துறது வேற. அடுத்த தடவை ரத்தம் குடுக்கும்போது பிஎஸ்ஏ-வோட டெஸ்டோஸ்டிரோனும் சேர்த்து பாக்கலாமான்னு கேளுங்க.