கதை வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் படிக்கிறாள், சனிக்கிழமை சிறுகதை வகுப்பில் சேரத் துடிக்கிறாள், "கதை சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கதை மட்டும் சோறு போடாது. நம் மலேசியாவில் பத்திரிகைச் சன்மானமும் போட்டிப் பரிசும் கைச்செலவுக்குத்தான் ஆகும். ஆனாலும் மகளைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் அந்த வகுப்பில் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்துகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விசாரிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். எட்டு வாரம், வாரம் இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 960 நிமிடம். பாதி நேரம் ஆசிரியர் பேசினால் மிச்சம் 480. இருபத்தைந்து பேர் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 19 நிமிடம். 1,500 சொல் கொண்ட கதையை நிதானமாக வாசிக்கவே கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு எங்கே திருத்துவது? பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 48 நிமிடம். ஒரே கதையை எழுதி, திருத்தி, மறுபடி கொண்டுவந்து காட்ட வழியுண்டு. இந்த மறுபடி எழுதுவதற்காகத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். ஆகவே தொலைபேசியில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர்? ஒரு கதையை எத்தனை முறை திருத்தித் தருவீர்கள்? முடிவில் தொகுப்பு நூல் போடுவோம், ஆளுக்கு இத்தனை பிரதி வாங்கியே ஆக வேண்டும் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிதாக எழுத வருகிற பிள்ளை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"மாரிமுத்து மிகுந்த வேதனையுடன் வீடு திரும்பினான். அவனது குடும்பம் வறுமையில் வாடியது. அவன் மனைவி நாளை என்ன செய்வது என்று எண்ணிக் கலங்கினாள்."

நல்ல ஆசிரியர் இதில் மூன்று இடத்தில் கோடு போடுவார். வேதனை, வறுமை இரண்டும் ஆசிரியர் சொல்லும் தீர்ப்பு. வாசகர் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. மூன்றாம் வாக்கியத்தில், அதுவரை மாரிமுத்துவோடு நடந்து வந்த கதை திடீரென்று மனைவியின் மனத்துக்குள் தாவிவிட்டது. இதை நோக்குநிலை மாறுவது என்பார்கள். நாலு வாரம் உழைத்த பிள்ளை இப்படி மாற்றி எழுதும்:

"மாரிமுத்து வாசலிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். 'மழைன்னு பெரட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க.' அவள் ஒன்றும் கேட்கவில்லை. உலைக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் திரும்ப டின்னில் போட்டாள்."

பெரட்டு என்பது ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைய கூலி இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவள் கையிலேயே இருக்கிறது. அந்த ஒரு பிடி அரிசி போதும். மனைவியின் மனத்துக்குள் நுழையத் தேவையே இல்லை. உரையாடல் வீட்டில் பேசுகிற மாதிரியே வர வேண்டும். பெரட்டு, பால் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி எல்லாம் கதைக்குள் வரட்டும், அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேண்டாம்.

முதல் கதை 600 முதல் 800 சொல்லுக்குள், ஓரிடம், ஒரு மணி நேரச் சம்பவம், இரண்டு பேர் என்று இருந்தால் முடியும். மூன்று தலைமுறைக் கதையைத் தொடங்குகிற பிள்ளை பாதியில் விட்டுவிடும். அதனால் தனக்கு எழுத வராது என்றும் நினைத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எழுதியதை மூன்று நாள் தொடாமல் வைத்து, பிறகு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் பழுது இருக்கும். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் பார்க்கட்டும். பல கதைகள் இரண்டாம் பத்தியில்தான் உண்மையில் தொடங்குகின்றன.

பள்ளியோடு ஒரு மோதல் வரும், தயாராக இருங்கள். தேர்வுக் கட்டுரையில் செய்யுளும், பழமொழி, உவமைத்தொடர் போன்ற மொழியணியும் பொருத்தமாக வந்தால் மதிப்பு. கதை வகுப்பிலோ "அனலிலிட்ட மெழுகு போல" என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. இரண்டு நோட்டு வாங்கிக் கொடுங்கள், குழப்பம் தீரும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. அவள் எழுதுவதில் பக்கத்து வீட்டு அக்காவோ நீங்களோ தெரியலாம். சின்ன ஊரில் இது சண்டையில் முடியும். இரண்டு மூன்று பேரின் குணத்தை ஒருவருக்குள் சேர்ப்பது, வேலையையும் வீட்டையும் மாற்றுவது எல்லாம் வகுப்பில் கற்றுத்தர வேண்டியவை, கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவளைக் கேட்காமல் நோட்டைப் பிரித்துப் படிக்காதீர்கள். ஒருமுறை படித்துவிட்டால் அடுத்த கதையை உங்களுக்குப் பயந்துதான் எழுதுவாள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். கதை எழுதுகிறாள் என்று அவற்றில் சலுகை கொடுக்காதீர்கள். தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியத்தையும் எடுக்கட்டும். பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் வெளியே டியூஷன் தேடுங்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், தமிழாசிரியர் பயிற்சி என்று வழிகள் உண்டு. மலாய் நன்றாக வந்தால் கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா என்னும் அரசு கலைக் கல்விக்கழகத்தில் எழுத்துக் கலையையே பாடமாகப் படிக்கலாம். வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், திரையின் அடியில் வரும் வசனப்பட்டி, பாடநூல் திருத்தம் என்று எங்கே போனாலும் பத்து வரியை மூன்று வரியாகச் சுருக்கத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

இந்த ஆண்டு வாரம் இரண்டு நாள், நாற்பது நாற்பது நிமிடம் எழுதினால் போதும். படிவம் ஐந்தில், தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வகுப்பை நிறுத்துங்கள், வாசிப்பை நிறுத்த வேண்டாம். எஸ்.பி.எம். முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஈப்போவிலோ இணையத்திலோ நீண்ட வகுப்பாகப் பார்த்துச் சேர்க்கலாம்.