நட்சத்திரம் உப்பினால் எந்த ஃபில்டர்?

கேள்வி: நகரத்து மொட்டை மாடியில் 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியில் கலர் வானியல் கேமராவை மாட்டிப் படம் எடுக்கிறேன். நட்சத்திரங்கள் ஊதா நிறத்தில் உப்பித் தெரிகின்றன, ஓரியன் நெபுலாவோ (விண்வெளி வாயு மேகம்) ஒரே மங்கல். எந்த ஃபில்டர் வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லை. உப்பலுக்குத் தெருவிளக்கைத் திட்டாதீர்கள். இரண்டு கண்ணாடி சேர்ந்த சாதாரண லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது, போதாததற்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் புற ஊதாவையும்கூட சென்சார் பிடித்துக்கொள்ளும், அதெல்லாம் ஃபோகஸ் தவறி நட்சத்திரத்தைச் சுற்றிப் படர்ந்துவிடும். ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியை மட்டும் விடுகிற யூவி-ஐஆர் கட் ஃபில்டரை முதலில் மாட்டுங்கள். கொஞ்சம் ஊதா மிச்சமிருக்கும், அது லென்ஸின் குணம்.

அப்புறம் மங்கல். சோடியம் விளக்குக் காலத்தில் 589 நானோமீட்டரைச் சுற்றிய மஞ்சளை வெட்டினாலே பெரும்பாடு தீர்ந்தது, எல்.இ.டி. வந்து அந்தச் சுகத்தைக் கெடுத்துவிட்டது, அதன் ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. அதனால் நெபுலாவுக்கு அதன் வாயுக்கள் ஒளிவிடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா (656.3 நானோமீட்டர்), ஆக்சிஜன்-3 (500.7 நானோமீட்டர்) என்ற இரண்டு நிறக் கோடுகளை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர்தான் சரி. ஆந்திரோமீடாவுக்கு அதை மாட்டாதீர்கள், கேலக்ஸியின் நட்சத்திர ஒளியும் சேர்ந்தே போய்விடும்.

ஃபில்டர் மாற்றினால் ஃபோகஸையும் மறுபடி பாருங்கள், கண்ணாடியின் தடிமனே குவியத்தை நகர்த்தும்.