வெளிநாட்டு மாடல் ரயிலை வாங்கி நம்ம ஊர் மீட்டர்கேஜ் வண்டியாக மாற்றினால் அது அசல் மாடல் ஆகுமா, வீண் செலவா?

கேள்வி கேட்டவருக்கு நாற்பது வயதாம். நீலகிரி மலை ரயிலையும் பழைய மீட்டர்கேஜ் வண்டிகளையும் மாடலாகச் சேர்க்க ஆசை, ஆனால் கிடைப்பதெல்லாம் ஜெர்மன், சுவிஸ், அமெரிக்க ரயில்கள், அதை வாங்கி அறுத்து ஒட்டி பெயிண்ட் அடித்தால் டூப்ளிகேட்தானே, காசுக்குப் பிடித்த கேடுதானே என்கிறார். இது நீங்களாக யோசித்த கேள்வி இல்லை, வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று படுகிறது. என் வீட்டிலும் சொன்னார்கள். அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அசல் மாடல்தான். சந்தேகமே வேண்டாம். ஏனென்றால் நீங்கள் ஆசைப்படுகிற அந்த நிஜ ரயிலே அப்படித்தான் உருவானது. மீட்டர்கேஜில் முப்பது நாற்பது வருடம் நம்மை இழுத்த ஒய்.டி.எம்-4 டீசல் இன்ஜின் அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு, 1400 குதிரைத்திறன்; கொஞ்சம் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து, அப்புறம் வாராணசியில் நாமே கட்ட ஆரம்பித்தோம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். 1955ல் தொடங்கியபோது கையில் இருந்தது சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியின் பெட்டி வடிவமைப்பு. ஊட்டி ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது, பிற்பாடு பொன்மலைப் பணிமனையில் அதே வகையைப் புதிதாகக் கட்டினார்கள். யாராவது அதைப் பார்த்து டூப்ளிகேட் என்றார்களா? மேட்டுப்பாளையத்தில் குடும்பத்தோடு நின்று செல்ஃபி எடுக்கிறோம். அப்படியிருக்க, ஜெர்மன் சக்கரத்தின் மேல் நம்ம இன்ஜினின் உடம்பை வைத்து ஓட்டுகிற என்னை மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

நூல் பிடித்து அளக்கிற சில நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, "அளவு சரியாக வராதே, கேஜ் தப்பாச்சே" என்று வருவார்கள். வரட்டும். மாடல் ரயிலில் எச்.ஓ. அளவு என்றால் 1:87, நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. அந்தப் பாதையின் கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம், 16.5 மில்லிமீட்டர், அதாவது நிஜத்தில் 1435 மில்லிமீட்டர், ஐரோப்பிய அமெரிக்க ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம பிராட்கேஜ் 1676. அதை 87ஆல் வகுத்தால் 19.26 வரவேண்டும். ஆனால் இந்திய பிராட்கேஜ் மாடல் வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் 16.5ல்தான் ஓட்டுகிறார்கள், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஒல்லி. நான் ஓட்டும் மீட்டர்கேஜ் நிஜத்தில் 1000, அதற்கு 11.5 வேண்டும், எச்.ஓ. அளவில் மீட்டர்கேஜுக்கென்று விற்கிற எச்.ஓ.எம். தண்டவாளம் 12. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். யார் அதிகமாகத் தப்பு செய்கிறார்கள் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பிராட்கேஜ் வண்டி பிடிக்கும். என்னைக் குறை சொல்லாமல் இருந்தால் போதும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பாதை, செங்கோட்டை - கொல்லம். எங்களுக்கு சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 1904ல் முழுதாகத் திறந்த மலைப்பாதை, 2010ல் மீட்டர்கேஜை நிறுத்தி, அகலப்படுத்தி, 2018ல் பிராட்கேஜாகத் திறந்தார்கள். ஆரியங்காவு குகை, கழுதுருட்டிக்குப் பக்கத்தில் ரோட்டை ஒட்டியே நிற்கும் பதிமூன்று கண் பாலம், மலை ஏறும்போது முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் பேங்கர் என்று இன்னொன்று தள்ளும். இழுக்கிற சத்தமும் தள்ளுகிற சத்தமும் வேறு வேறாகக் கேட்கும். எனக்கு இதுதான் வேண்டும், ஆனால் இதை யாரும் டப்பாவில் போட்டு விற்கவில்லை. விற்கவும் மாட்டார்கள். இந்திய பிராட்கேஜுக்காவது நம்ம ஊரிலேயே சிறிய அளவில் இன்ஜினும் வேகனும் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டர்கேஜுக்கு நாமே செய்தால்தான் உண்டு.

ஒய்.டி.எம்-4க்கு நான் பிடித்த வழி இது. ஐரோப்பாவில் டி.டி. என்று ஒரு அளவு உண்டு, 1:120. அதன் ஸ்டாண்டர்ட் கேஜ் தண்டவாளமும் 12 மில்லிமீட்டர்தான். ஆகவே ஆறு அச்சு உள்ள ஒரு ஜெர்மன் டி.டி. டீசலை வாங்கி, மேல் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேலே 1:87ல் ஒய்.டி.எம்-4 உடம்பு. பெரிய பாகம் ரெசினில் 3டி பிரிண்ட், கைப்பிடிக் கம்பி பித்தளை, கேபின் உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட். சக்கரங்களைத் தாங்குகிற போகியின் அளவு மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தாது, தெரியும், பக்கச் சட்டத்தை ஒட்டி மறைத்துவிடலாம். இன்னும் பெரிய சைஸ் பிடிக்கும் என்றால், அலாஸ்காவின் ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரயில்வேயில் ஓடிய ஆல்கோ டி.எல்.535 வகை நம்ம ஒய்.டி.எம்-4க்குப் பங்காளி, அதை எல்.ஜி.பி. கம்பெனி 1:22.5 அளவில் செய்திருக்கிறது. உடம்பின் வெட்டு வேறு, மேஜையையும் அடைத்துக்கொள்ளும், ஆனால் உறவு உறவுதான்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஓட்டுவதுதான் நிஜமான தலைவலி. ஒரே கம்பெனி மோட்டார் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. பின் இன்ஜின் வேகம் கூடினால் நடுவில் உள்ள பெட்டிகள் நெருக்கப்பட்டு வளைவில் வெளியே பிதுங்கிக் கவிழும். ரொம்பக் குறைந்தால் இழுபட்டு உள்பக்கம் சாயும். இன்ஜினைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகிற டி.சி.சி. முறையில், உள்ளே இருக்கும் டீகோடர் சில்லில் சி.வி. எனப்படும் அமைப்பு எண்கள் 2, 5, 6 மூன்றையும் மாற்றி மாற்றி, ஆரம்ப வேகம், உச்ச வேகம், நடு வேகம் எல்லாம் சமம் செய்யவேண்டும். தள்ளுகிற இன்ஜினை ஒரு இழை மெதுவாகவே வைத்திருக்கிறேன். அதோடு ஒவ்வொரு பெட்டியின் தரைக்கு அடியிலும் இரும்பு வாஷர் ஒட்டி எடை கூட்டினேன். எடை இல்லாத பெட்டியை மலையில் தள்ளவே முடியாது.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய மெரூன் நிறப் பெட்டி. நீலம் வருவதற்கு முன்னால் இருந்தது. அந்த மெரூன் எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்காது, கலக்கத்தான் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம், மேலே அடிக்கிற பெயிண்டைவிட அடியில் போகிற பிரைமர்தான் நிறத்தைத் தீர்மானிக்கும். சாம்பல் பிரைமர் மேல் அதே மெரூன் செத்துப்போன மாதிரி இருக்கும், ரெட் ஆக்சைடு மேல் அடித்தால் வெயிலில் நிற்கிற வண்டி நிறம் வரும். ஜன்னலில் கிடைமட்டமாகப் போகிற கம்பிகளை 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில், குறடால் பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். அவசர ஜன்னலுக்கு மட்டும் கம்பி கிடையாது, அதை மறந்துவிட்டுச் செய்தவர்களின் படங்களைப் பார்த்தால் எனக்கு உறுத்தும். சக்கரத்தைச் சுற்றியும் பெட்டியின் கீழ்ப்பக்கமும் செம்பழுப்புத் தூள் பூசவேண்டும், வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து பறக்கிற தூள் ஒட்டித் துருப்பிடித்த நிறம் அது. பளபளவென்று புதுப் பெட்டியாக ஓட்டினால் பொம்மை. தூளைப் பூசினால் வண்டி.

எழுத்துதான் கடைசிவரை சரியாக வராமல் இருந்தது. மெரூன் மேல் மஞ்சள் எழுத்து. தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீகால் தாளில் சாதாரண லேசர் பிரிண்டரில் மஞ்சள் அச்சடித்து ஒட்டினால் எழுத்து காணாமல் போய்விடும். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, மஞ்சள் டோனர் ஒளி ஊடுருவும், அடியில் உள்ள மெரூன் அதை விழுங்கிவிடும். வெளிநாட்டில் வெள்ளை டோனர் பிரிண்டர் வைத்திருக்கிறவர்களிடம் செய்து வாங்கலாம், தபால் செலவும் வரியும் சேர்த்தால் பெட்டியின் விலையைத் தாண்டும். தென்காசியில் கல்யாணப் பத்திரிகை ஸ்கிரீன் பிரிண்டிங் அடிக்கிற ஒரு அண்ணாச்சியிடம் போனேன். ஸ்கிரீன் பிரிண்டிங் மை கெட்டியானது, அடியில் உள்ள நிறத்தை மறைத்துவிடும் என்பது என் கணக்கு.

அண்ணாச்சி டிசைனைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ன தம்பி, எறும்பு வீட்டுக் கல்யாணமா?" என்றார். "ரயில் பெட்டிக்கு அண்ணாச்சி. செங்கோட்டை - கொல்லம்னு போர்டு. எழுத்து ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள வரணும்" என்றேன். முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "கொல்லம் வண்டியா? எந்தக் கொல்லம் வண்டி? மெயிலா, பாசஞ்சரா?" பாசஞ்சர் என்றதும் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, பத்திரிகைக்குப் போடுகிற துணியைவிட நெருக்கமான நெசவுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். முதலில் அடித்ததில் 'ங்' தலையில் உள்ள புள்ளி மை அடைத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. மையில் கொஞ்சம் தின்னர் விட்டு, புள்ளியை மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு மயிரிழை மேலே நகர்த்தி மறுபடி அடித்தார். வந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'ட்'டின் புள்ளிகூடத் தனியாகத் தெரிகிறது. காசு எவ்வளவு என்றதற்கு ஒரு பத்திரிகைக்கு வாங்குகிற குறைந்த தொகையைத்தான் வாங்கினார். கம்பெனி டப்பாவில் வருகிற மாடலில் இந்த மாதிரி ஒரு நாள் கிடைக்குமா சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். ரயில் மேல் ஆசை இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்மை ரிசர்வேஷன் கவுண்டராக நினைத்துவிடுகிறார்கள். "உனக்குத்தான் ரயில்வேல எல்லாரையும் தெரியுமே, வெயிட்டிங் லிஸ்ட் 48, கன்ஃபர்ம் ஆகுமா பாரு." எனக்கு ஒருத்தரையும் தெரியாது ஐயா. ஏ.சி. தட்கால் பத்து மணிக்கு, மற்றது பதினொரு மணிக்குத் திறக்கும், இது உங்களுக்கும் தெரியும். மாடல் ரயிலைப் பார்த்து "இதுக்கெல்லாம் காசா" என்று சிரித்த அதே மாமா, தீபாவளிக்கு நாலு டிக்கெட் வேண்டும் என்று என்னிடம்தான் போன் பண்ணினார். பொங்கலுக்கும் பண்ணினார்.

உங்கள் நீலகிரி ஆசைக்கு வருகிறேன். அதற்கு டி.டி. வேண்டாம், சுவிஸ் பேமோ கம்பெனியின் எச்.ஓ.எம். பொருட்களைப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ், இன்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறுகிற பல்சட்டத் தண்டவாளத்தோடு கிடைக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை நிஜத்தில் 1க்கு 12 ஏற்றம், ஆப்ட் பல்சட்டம், இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளும். இதை மாற்றி இன்ஜினை மேலே வைத்து மாடல் செய்துவிட்டு நீலகிரி என்று சொல்லாதீர்கள். எக்ஸ் இன்ஜினின் உடம்பை நீங்கள்தான் செய்யவேண்டும், பெட்டிக்கு நீலமும் கிரீமும். வளைவுக்கு மட்டும் சமரசம் செய்தே தீரவேண்டும்: நிஜத்தில் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்றால் 1:87ல் 1.15 மீட்டர், அரை வட்டம் திரும்பவே 2.3 மீட்டர் அகல மேஜை. நம்ம ஊர் இரண்டு படுக்கையறை வீட்டில் அதற்கு இடம் இல்லை, மனைவியிடம் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. என் பதிமூன்று கண் பாலத்தைச் சுருக்கத்தான் செய்தேன், ஆனால் கண் பதிமூன்றும் இருக்கிறது.

ஜெர்மன் கம்பெனி மார்க்லினின் பழைய செகண்ட்ஹேண்ட் எச்.ஓ. மலிவாக வருகிறதே என்று கைவைக்காதீர்கள். அது மூன்று மின்தொடர்பு முறை, ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் மின்காப்பு கிடையாது, சாதாரண இரண்டு தண்டவாள டி.சி.யில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். பெட்டிக்காக வாங்கினாலும் சக்கரத்தை மாற்றவேண்டும்.

இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எந்தப் பாதை, எந்த வருடம், இன்ஜினைப் பராமரித்த எந்த ஷெட் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இன்ஜின் வகைக்கு ஷெட்டுக்கு ஷெட் நிறம் மாறும், முடிவு செய்யாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் மூன்று தரம் சுரண்டவேண்டி வரும். அப்புறம் ஒரே ஒரு பெட்டி செய்யுங்கள், அதுவும் இரண்டாம் வகுப்புப் பொதுப் பெட்டி. பிளாஸ்டிக் ஷீட், நல்ல பிளேடு, ரெட் ஆக்சைடு பிரைமர், பித்தளைக் கம்பி, ஒரு ஜோடி 12 மில்லிமீட்டர் போகி. இதற்குமேல் எதுவும் வாங்காதீர்கள். எழுத்துக்கு உங்கள் தெருவிலேயே பத்திரிகை அடிக்கிற கடை இருக்கும்.