கழுத்துத் தையலில் எச்சில் கசிந்தால்...

கேள்வி: புற்றுநோய்க்காக அப்பாவின் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். முன்பே ரேடியேஷன் வாங்கியவர். எட்டாம் நாள் தையல் சிவந்தது. இப்போது எச்சில் மாதிரி கசிகிறது. மறுபடி தைத்துவிடக் கூடாதா?

பதில்: கசிவது எச்சிலேதான். தொண்டையிலிருந்து கழுத்துத் தோலுக்கு வழி விழுந்துவிட்டது. ஃபிஸ்டுலா என்பது இதைத்தான். உடனே தைத்தால் நிற்காது. ரேடியேஷனால் ரத்த ஓட்டம் குறைந்து, எச்சிலில் ஊறிப்போன சதையை நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே தேங்குவதை வடியவிட்டு, வாய்வழி எதுவும் தராமல், மூக்குக் குழாயில் ஊட்டினால் பெரும்பாலான துளைகள் சில வாரங்களில் தாமாகவே மூடும். பெரிய துளை, மூடாத துளை என்றால் மார்புத் தசையைத் திருப்பி வைத்து அடைப்பார்கள்.

இதற்கிடையில் ஹீமோகுளோபின், ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், சர்க்கரை பார்ப்பார்கள். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டிஎஸ்ஹெச்சும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், விட்டுப்போவது அதுதான். ரேடியேஷன் பட்ட தைராய்டு, அதிலும் பாதி எடுக்கப்பட்டிருந்தால், மந்தமாகிவிடும், புண் ஆறாது. மாத்திரையில் சரியாகிற சங்கதி.

கேள்வி: வீட்டில் டிரஸ்ஸிங்கும் குழாய் உணவும் நான்தான் பார்க்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: காஸ் துணி நனைந்ததும் மாற்றுங்கள், மணி பார்க்க வேண்டாம். நாளுக்கு எத்தனை நனைகிறது என்று குறித்து வையுங்கள். துளைக்குள் காஸ் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரே நீளத் துண்டாக, வால் வெளியே தெரிய, தளர்வாக வையுங்கள். துண்டு துண்டாக வைத்தால் ஒன்று உள்ளேயே தங்கிச் சீழ் கோக்கும். சுற்றுத் தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பு. எச்சிலை விழுங்காமல் துப்பட்டும். கசிவு, மூச்சு விடக் கழுத்தில் வைத்திருக்கும் மூச்சுத் துளைக்குள் இறங்கி இருமல் வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத் துளையில் பலூன் வைத்த குழாய் தேவைப்படலாம்.

ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். ஒரு வேளைக்கு 200–250 மி.லி., 20 நிமிடமாவது எடுத்து மெதுவாக. முடித்ததும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் படுக்க வேண்டாம். குரல்வளை எடுத்தவருக்கு மூச்சுவழி தனி, புரையேறாதே என்று நினைப்பீர்கள். எதுக்களிக்கும் அமிலம் நேராகப் புண்ணைத்தானே நனைக்கும்! குழாய் உருவிக்கொண்டால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. தையலைக் குத்திக்கொண்டு வெளியேறிவிடும்.

கேள்வி: நேற்றிரவு காஸில் ஒரு கரண்டி அளவு சிவப்பு ரத்தம். தானே நின்றுவிட்டது. அடுத்த வாரம் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. படித்த கையோடு அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். எச்சில் அரித்த கழுத்துப் பெருந்தமனி முழுதாகப் பிளக்கும் முன் இப்படித்தான் கொஞ்சமாகக் கசிந்து நிற்கும். இப்போது போனால் ரத்தக்குழாய்க்குள்ளேயே அடைக்கவோ ஸ்டென்ட் வைக்கவோ அவகாசம் உண்டு. வழியில் மறுபடி பீறிட்டால் காஸை வைத்து விரல்களால் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மூச்சுத் துளையைக் கை மறைக்கக் கூடாது.